போ

கடவுச்சீட்டில் முத்திரை குத்தித் திருப்பித் தந்தவள்
"சலாமத் போ" என்றாள்.
வந்த இரண்டாம் நிமிடமே போகச் சொல்கிறாளே என்று
பெட்டியை இழுத்துக்கொண்டு போனேன்.

விடுதி வாசலில் துப்பாக்கி மாட்டிய காவலாளி
கதவைத் திறந்துவிட்டு ஒரு போ.
படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவர்
வழுக்கும் என்று சைகை காட்டி ஒரு போ.
இரண்டு தகரப் பாத்திரங்களைக் காவடியாகத் தூக்கி
வெல்லப்பாகு ஊற்றிய சோயாக் கூழ் விற்றவன்
மீதிச் சில்லறையோடு ஒரு போ.
ஒரே காலையில் இத்தனை பேர் விரட்டியும்
யார் முகத்திலும் கோபமில்லை.

அச்சகத்தில் கேட்டேன்.
அங்கே ஒரு பழைய ஜெர்மன் இயந்திரத்தின் நான்காம் உருளை
மஞ்சளை மட்டும் மங்கலாகத் துப்புகிறது.
அதற்காகத்தான் என்னை மணிலாவுக்கு அனுப்பியிருந்தார்கள்.
காகிதம் எண்ணிக்கொண்டிருந்த லியோனிலா
எண்ணிக்கை தவறும் வரை சிரித்தாள்.
"அது மரியாதை. வாக்கியத்தின் வாலில்
வைக்கிற சின்ன வணக்கம்."
எங்கள் மொழியில் அதற்கு என்ன அர்த்தம் என்று சொன்னேன்.
அன்று முழுக்க எல்லோரும் என்னிடம்
இரண்டு போ சேர்த்துப் பேசினார்கள்.

மாலையில் கியாப்போ ஜீப்னி.
பின்பக்கம்தான் வாசல். குனிந்து ஏறினால்
முட்டியோடு முட்டி உரசும் இரண்டு வரிசை.
கடைசியாக ஏறியவள் "பாயாத் போ" என்று
பொதுவாகக் காற்றில் நீட்டினாள் இருபது பேசோவை.
அது என் கைக்கு வந்தது.
எனக்கு எதற்கு?
பக்கத்து நர்ஸ் உடுப்பு முழங்கையால் இடித்தது.
கொடுத்தேன்.
கை மாறிக் கை மாறி
ஓட்டுநரின் தோளுக்குப் பின்னால் போய் நின்றது நோட்டு.
திரும்பிப் பார்க்காமலே வாங்கினார்.
ஏழு பேரின் வியர்வை பட்டு
மீதி நாணயங்கள் உரியவளிடம் வந்து சேர்ந்தன.
அவள் எண்ணவில்லை.
நான் எண்ணியிருந்தேன், என் கையைக் கடந்தபோது.
சரியாகத்தான் இருந்தது.
அதற்கு இவ்வளவு வெட்கம் வந்திருக்க வேண்டாம்.

எஸ்பான்யா சாலையில் மழை பிடித்துக்கொண்டது.
பிளாஸ்டிக் திரைகளை
யாரும் சொல்லாமலே எல்லோரும் உருட்டி இறக்கினார்கள்.
வெளியே தண்ணீர் கணுக்காலில் தொடங்கி
சக்கரத்தின் பாதியைத் தின்றது.
பலகை அடித்த தள்ளுவண்டியில்
காலணியைக் கையில் பிடித்த மூன்று அலுவலகக்காரர்களை
ஒருவன் அக்கரை சேர்த்துக்கொண்டிருந்தான்.
"பழகிவிட்டதா?" என்று நர்ஸிடம் கேட்டேன்.
"இல்லை. வேறு செருப்பு வைத்திருக்கிறேன்."

திரையின் இடுக்கில் ஒரு சிறுவனின் கை நுழைந்தது,
நான்கு சரம் குண்டுமல்லியோடு.
"சாம்பாகித்தா, சாம்பாகித்தா."
வாங்கியவர் ஓட்டுநர்.
கண்ணாடியில் பழுத்துத் தொங்கிய நேற்றின் மேல்
இன்றை மாட்டினார்.
டீசல், ஈரத் தலைமுடி, பொரித்த பூண்டு,
அதற்குள் எங்கோ மல்லிகை.

என் இடம் தாண்டிக்கொண்டிருந்தது.
வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டியதை
லியோனிலா ஒரு காகித ஓரத்தில் எழுதித் தந்திருந்தாள்:
பாரா போ.
நிற்பதற்கும் போ தானா?
நாற்பத்தாறு வருடமாக
போ என்றால் போய்விடும் என்று நம்பிய நாக்கு
புரள மறுத்தது.
இரண்டு நிறுத்தம் கடந்தது.
நர்ஸ் என் மடியிலிருந்த காகிதத்தைப் படித்தாள்.
எனக்காகச் சொல்லிவிடவில்லை. காத்திருந்தாள்.
சொன்னேன். மழைக்கு அது போதவில்லை.
நாணயத்தால் கூரைக் கம்பியைத் தட்டி
மறுபடி:
பாரா போ!

நின்றது.
முட்டிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து வழிவிட்டன.
முழங்கால் தண்ணீரில் இறங்கினேன்,
ஒரே ஒரு ஜோடிக் காலணியோடு.

திரையை விலக்கி அவள் "இங்கத் போ" என்றாள்.
பத்திரமாகப் போ என்று கேட்டது.
முதல் முறையாகக் காதும் அகராதியும்
ஏறக்குறைய ஒத்துப்போயின.
சரி என்றேன்.
அதன் வாலில் ஒரு போ வைக்க வேண்டும் என்று
நினைவு வந்தபோது
வண்டி போயிருந்தது.